கணினி தொடங்கும்போது வரும் படத்திரை: வைத்திருக்கலாமா, எடுத்துவிடலாமா?

மாம்பலம் வாசகசாலை (கேள்வி)

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவாசிகள் சேர்ந்து நடத்தும் சிறிய வாசகசாலையில், ரிச்சி தெருவில் வாங்கிய பழைய மேசைக்கணினிகள் சிலவற்றைப் பொதுப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கிறோம். எல்லாம் இன்டெல் நான்காம் தலைமுறைச் செயலி கொண்டவை. தனி கிராஃபிக்ஸ் அட்டை எதிலும் இல்லை. அனைத்திலும் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியிருக்கிறோம். சிலவற்றுக்கு எஸ்எஸ்டி போட்டுவிட்டோம், மற்றவை இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலேயே ஓடுகின்றன. காலையில் ஓய்வு பெற்ற பெரியவர்களும் மாலையில் பள்ளிப் பிள்ளைகளும் வந்து உட்காருகிறார்கள்.

சுவிட்சைப் போட்டதும் தயாரிப்பாளரின் சின்னம் வருகிறது. பிறகு கறுப்புத் திரை. அதன் இடது மேல் மூலையில் 'க்ளீன்' என்ற சொல்லும் நீளமான சில எண்களும் கொண்ட ஒரே ஒரு வரி தோன்றி அப்படியே நிற்கிறது. மறுபடியும் ஒரு மின்னல், மறுபடியும் கறுப்பு. கடைசியில் டெபியன் படம் கண் சிமிட்டும் நேரம் வந்து மறைந்ததும் உள்நுழைவுத் திரை வருகிறது. ஹார்ட் டிஸ்க் உள்ள கணினிகளில் அந்தக் கறுப்பு இடைவெளி மிகவும் நீள்வதால், கணினி நின்றுவிட்டது என்று எண்ணிப் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுகிறார்கள். அப்படி அணைத்த கணினி அடுத்த முறை வட்டைச் சரிபார்க்கத் தொடங்கி இன்னும் தாமதமாகிறது; அதைப் பார்த்து மறுபடியும் அணைக்கிறார்கள்.

எங்களுக்கு உதவும் கல்லூரி மாணவர் ஒருவர், இந்தப் படத்திரை வெறும் அலங்காரம், நேரத்தை விழுங்குவதும் அதுதான் என்கிறார். கணினி தொடங்க எந்தச் சேவை எவ்வளவு நேரம் எடுத்தது என்று காட்டும் பட்டியலை எடுத்து, அந்தப் படத்தை வரையும் 'பிளிமத்' என்ற நிரலின் பெயர் மேல்வரிசையில் நிற்பதையும் காட்டினார். படத்தை அறவே எடுத்துவிட்டால் கணினி வேகமாகத் தொடங்குமா? வைத்திருப்பதானால், கறுப்புத் திரைக்குப் பதிலாகத் தொடக்கத்திலிருந்தே அந்தப் படம் நிற்கும்படி செய்ய முடியுமா? அதில் தமிழில் ஓர் அறிவிப்பை எழுதி வைக்க வழி உண்டா? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

தரமணி நிரலாளர்

வணக்கம் ஐயா. முதலில் அந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதைப் பார்த்துப் பலர் பிளிமத்தைப் பழிக்கிறார்கள். 'பிளிமத்-குவிட்-வெயிட்' என்ற சேவையின் வேலையே, தொடக்கப் பணிகள் முடிந்து படத்திரை விலகும்வரை காத்திருப்பதுதான். மற்றவை எவ்வளவு நேரம் எடுக்கின்றனவோ அவ்வளவு நேரமும் அதன் கணக்கில் ஏறும். ஆகவே அந்த வரியைப் பார்த்துவிட்டுப் படத்தை நீக்கினால், பட்டியலிலிருந்து ஒரு பெயர் போகுமே தவிர, நேரம் மிச்சமாகாது. சிஸ்டம்டி-அனலைஸ் கட்டளையோடு 'ப்ளேம்' என்று கேட்பதை விட்டு, 'கிரிட்டிக்கல்-செயின்' என்று கேட்டுப் பாருங்கள். எது எதற்காகக் காத்திருந்தது என்ற சங்கிலி அதில் தெரியும். இணைய இணைப்பு கிடைக்கும்வரை காத்திருக்கும் சேவையோ, ஹார்ட் டிஸ்க்கின் மந்தமோ அங்கே அகப்படும் என்பது என் ஊகம். படத்திரைக்கும் ஒரு செலவு உண்டு: அதன் நிரலும் படங்களும் சேர்வதால், தொடக்கத்தில் முதலில் ஏறும் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்னும் தொடக்கக் கோப்புத்தொகுப்பு கொஞ்சம் பெரிதாகும். நீங்கள் சொல்லும் நீண்ட கறுப்பு இடைவெளிக்கு அது காரணமாகாது.

இனி கறுப்புத் திரை. கணினி தொடங்கும்போது திரை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிக்கொண்டே போகிறது. முதலில் தாய்ப்பலகைச் சில்லில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் தன் சின்னத்தை வரைகிறது. பிறகு கிரப் என்னும் தொடக்க ஏற்றி வருகிறது. அதன் பிறகு இயங்குதளத்தின் மையமான கெர்னல் பொறுப்பேற்கிறது. கெர்னல் வந்தவுடனேயே கிராஃபிக்ஸ் டிரைவர் வந்துவிடுவதில்லை. ஃபர்ம்வேர் விட்டுச்சென்ற எளிய திரைநினைவகத்தை வைத்துச் சிறிது நேரம் ஓட்டிவிட்டு, உண்மையான டிரைவர் ஏறியதும் திரையின் தெளிவுத்திறனைப் புதிதாக அமைக்கிறது. நீங்கள் காணும் மின்னல் அந்த நொடியில் நேர்வது. கடைசியாக உள்நுழைவுத் திரையை வரையும் நிரல் வந்து பிளிமத்திடமிருந்து திரையைப் பெற்றுக்கொள்கிறது.

உங்கள் கணினிகளில் படம் கடைசி நிமிடத்தில் மட்டும் தலைகாட்டுவதற்குக் காரணம், பெரும்பாலும், கிராஃபிக்ஸ் டிரைவர் தாமதமாக ஏறுவதுதான். பிளிமத் உண்மையான டிரைவருக்காகச் சில நொடிகள் காத்திருக்கும் வழக்கம் உடையது. இன்டெல்லின் ஐ915 டிரைவர் தொடக்கக் கோப்புத்தொகுப்பில் இல்லாமல் வட்டிலிருந்து ஏற்றப்பட்டால், அது வந்து சேர்வதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். இடிசி கோப்புறையில் 'இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்' என்பதற்குள் 'மாட்யூல்ஸ்' என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதில் ஐ915 என்ற பெயரைத் தனி வரியாகச் சேர்த்து, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை இயக்குங்கள். படம் கணிசமாக முன்னதாகவே வந்துவிடும்.

மூலையில் நிற்கும் அந்த 'க்ளீன்' வரி பிழையன்று. கோப்புமுறைமை சரியாக இருக்கிறது என்ற அறிவிப்பு. கெர்னலுக்கு 'குவைட்' என்று சொன்னால் சாதாரணச் செய்திகள் அடங்கிவிடும், பிழைச் செய்திகள் மட்டும் வரும். 'ஸ்பிளாஷ்' என்று சொன்னால்தான் படத்திரை வரும். டெபியன் நிறுவும்போது இயல்பாக 'குவைட்' மட்டுமே இருக்கும். உங்களிடம் படம் வருகிறது என்பதால் 'ஸ்பிளாஷ்' என்பதை யாரோ ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்கள். படம் முன்னதாக வந்துவிட்டால் இந்த வரியும் அதன் பின்னால் மறைந்துவிடும்.

மின்னலே இல்லாமல், தயாரிப்பாளர் சின்னத்திலிருந்து உள்நுழைவுத் திரைவரை ஒரே ஓட்டமாகப் போகும் ஏற்பாடும் இருக்கிறது. 2019-இல் வெளிவந்த ஃபெடோரா 30 என்ற லினக்ஸ் பதிப்பில் அதை இயல்பாகவே கொண்டுவந்தார்கள். அதற்காக உழைத்தவர் ஹான்ஸ் டி கூடே. யுஇஎஃப்ஐ என்னும் புதுவகை ஃபர்ம்வேர், தான் வரைந்த சின்னத்தையும் அதன் இடத்தையும் ஓர் அட்டவணையில் விட்டுச்செல்லும். பிளிமத் அதையே எடுத்து அதே இடத்தில் மறுபடி வரையும். பார்ப்பவருக்குத் திரை கைமாறியதே தெரியாது. ஆனால் ஐ915 டிரைவர் திரையை மறுபடி அமைக்காமல் அப்படியே ஏற்றுக்கொள்ளும் வசதி, கெர்னல் 5.1 முதல், ஆறாம் தலைமுறைச் செயலிகளுக்கும் அவற்றுக்குப் பின் வந்தவற்றுக்கும்தான் இயல்பாக இயங்குகிறது. உங்களுடையவை நான்காம் தலைமுறை. 'ஐ915.ஃபாஸ்ட்பூட்=1' என்று கெர்னலுக்குச் சொல்லிப் பார்க்கலாம், பலன் கணினிக்குக் கணினி வேறுபடும். மேலும் அவை பழைய பயாஸ் முறையில் தொடங்குகின்றன என்றால் மேலே சொன்ன அட்டவணையே இருக்காது. ஒரு மின்னலைப் பொறுத்துக்கொள்வதே உங்களுக்கு நடைமுறை வழி.

---

கறுப்புத்திரை

நான் சர்வர்களோடு வாழ்கிறவன். என் கருத்து கசப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 'குவைட்', 'ஸ்பிளாஷ்' ஆகிய இரண்டு சொற்களையும் கிரப் அமைப்புக் கோப்பிலிருந்து நீக்கிவிட்டு, அப்டேட்-கிரப் கட்டளையை ஒருமுறை இயக்கிவிடுங்கள். வெள்ளெழுத்துகள் ஓடிக்கொண்டிருக்கும் திரையைப் பார்த்துக் கணினி செத்துவிட்டது என்று யாரும் நினைக்கமாட்டார்கள். ஏதாவது ஒன்று நின்றுபோனால், நின்ற இடம் கடைசி வரியில் எழுதியிருக்கும். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து இங்கே போட்டால் நாங்களே சொல்லிவிடுவோம். அழகான படத்துக்குப் பின்னால் நின்றுபோன கணினியைப் பற்றி, "படம் அப்படியே இருக்கிறது" என்பதைத் தவிர யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

---

பழைய சர்வீஸ் பொறியாளர்

மேலே எழுதிய நண்பரின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வாசகசாலைக்கு வரும் பெரியவர் அந்த வெள்ளெழுத்துகளில் 'ஃபெயில்ட்' என்று சிவப்பில் ஒரு சொல்லைக் கண்டால் என்ன செய்வார்? முக்கியமில்லாத ஏதோ ஒரு சேவை தொடங்கவில்லை என்பதற்கெல்லாம் அந்தச் சொல் வரும். அவர் பதறிப்போய் மறுபடியும் பவர் பட்டனைத்தான் தேடுவார். ஓடும் எழுத்துகள் உங்களுக்கும் எனக்கும் செய்தி, அவருக்கு அச்சம்.

இந்தத் தகராறு விண்டோஸ் 95 காலத்திலிருந்தே நான் பார்ப்பது. அப்போது அண்ணா சாலைக்குப் பின்புறம் ஒரு மாடியறையில் கணினி பழுதுபார்க்கும் வேலையில் இருந்தேன். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர், தொடக்கத்தில் வரும் மேகப் படத்துக்குப் பதிலாகத் தங்கள் கடைப்பெயர் வரவேண்டும் என்று கேட்பார்கள். அதைச் செய்வது கடினமன்று. சி டிரைவின் மேல்மட்டத்தில் லோகோ.சிஸ் என்ற பெயரில் ஒரு கோப்பை வைத்தால், விண்டோஸ் தன்னுள் இருக்கும் படத்தை விட்டுவிட்டு அதைக் காட்டும். 'சிஸ்' என்ற வால் இருந்தாலும் அது சாதாரண பிட்மேப் படம்தான்: அகலம் 320 பிக்சல், உயரம் 400 பிக்சல், நிறங்கள் 256. தலைப்பகுதியும் நிறப்பட்டியலும் சேர்த்துக் கோப்பின் அளவு 129,078 பைட்டு. அகலத்தைவிட உயரம் அதிகமான அந்தப் படம் திரையின் அகலத்துக்கு இழுத்துக் காட்டப்படும். ஆகவே படத்தை முதலில் இயல்பான விகிதத்தில் வரைந்து, பிறகு பக்கவாட்டில் நெருக்கிச் சேமிக்கவேண்டும். இதை அறியாமல் நேரடியாக வரைந்தவர்களின் பிள்ளையார் படமெல்லாம் திரையில் இன்னும் பருத்துத் தெரியும்.

அந்தப் படத்தின் அடியில் ஒரு நீலப்பட்டை ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா, அதில் எதுவும் உண்மையில் நகரவில்லை. நிறப்பட்டியலில் கடைசியில் உள்ள சில நிறங்களை இடம் மாற்றிச் சுழற்றுவார்கள், அவ்வளவுதான். படத்தின் பிக்சல் ஒன்றைக்கூட மாற்றாமல் அசைவு தோன்றும். குறைந்த நினைவகத்தில், டிஸ்க் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் வேளையில், இதைவிடச் சிக்கனமான அசைவுப்படம் இருக்க முடியாது. படத்தை விலக்கிவிட்டு டாஸ் செய்திகளைப் பார்க்க விரும்புகிறவர் எஸ்கேப் விசையை அழுத்தினால் போதும்.

அணைக்கும்போது காட்டுவதற்கும் இரண்டு படங்கள் விண்டோஸ் கோப்புறையில் இருந்தன: ஒன்று 'பொறுத்திருங்கள்' என்பதற்கு, மற்றொன்று 'இப்போது அணைக்கலாம்' என்பதற்கு. அன்றைய பெட்டிகள் தாமாக அணையாது. ஆரஞ்சு நிற எழுத்தில் அந்த அனுமதி வந்த பிறகு நாம் கையால் அணைக்கவேண்டும். வாடிக்கையாளர்கள் அந்த எழுத்துக்காகப் பொறுமையாகக் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். என்ன செய்யவேண்டும் என்று திரை தெளிவாகச் சொன்னது, அவர்களும் கேட்டார்கள்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இது தலைகீழானது. அதன் தொடக்கப்படம் 640-க்கு 480 என்ற அளவில் 16 நிறங்களுக்குள் அடங்கவேண்டியிருந்தது; கெர்னல் கோப்புக்குள்ளேயே பொதிந்திருந்ததால் மாற்ற நினைத்தவர்கள் அந்தக் கோப்பையே திருத்தினார்கள், அதில் தொடங்காமலே போன கணினிகள் என் மேசைக்கு வந்தன. படத்தின் அடியில் மூன்று நீலக் கட்டங்கள் இடமிருந்து வலம் ஓடிக்கொண்டே இருக்கும். எவ்வளவு முடிந்தது, எவ்வளவு பாக்கி என்று அவை எதையும் சொல்லா. விண்டோஸ் 2000-இல் உண்மையாகவே நிரம்பும் ஒரு பட்டை இருந்தது. அடுத்த பதிப்பில் அதை எடுத்துவிட்டு இந்த ஓட்டத்தைக் கொடுத்தார்கள். எனக்கு அதில் இன்றுவரை மனக்குறைதான்.

லினக்ஸ் பக்கத்தில் கதை வேறு. தொடக்கச் செய்திகள் ஓடும் ஃபிரேம்பஃபர் திரையில் மேலே பென்குயின் நிற்கும், செயலியின் உள்ளகம் எத்தனையோ அத்தனை பென்குயின். அதுவே ஒரு செய்தி. பிறகு ரெட் ஹேட்டில் படம் காட்டுவதற்காக, சாளரங்களை வரையும் எக்ஸ் சர்வரையே முன்கூட்டித் தொடங்கினார்கள். 2008 நவம்பரில் ஃபெடோரா 10-உடன் வந்த பிளிமத், அந்தப் பாரத்தை இறக்கிவைத்துவிட்டு கெர்னலின் திரையமைப்பை நேரடியாகப் பயன்படுத்தியது. உபுண்டு 2010-இல் 10.04 பதிப்பில் அதற்கு மாறியது.

பிளிமத்தின் முன்னேற்றப் பட்டை எப்படி இயங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. சென்ற முறை கணினி தொடங்க எவ்வளவு நேரம் ஆனது என்பதை வார் கோப்புறைக்குள் தன் இடத்தில் 'பூட்-டியூரேஷன்' என்ற கோப்பில் குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அந்தக் கணக்கைக் கொண்டு பட்டையை நகர்த்துகிறது. அது அனுமானம்தான், ஆனால் எக்ஸ்பியின் கட்டங்களைப் போல வெறும் பாவனையன்று. மருத்துவமனையில் டோக்கன் எண் ஓடும் பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் எழுந்து போய் நர்சிடம் சண்டை போடுவதில்லை. அந்த வேலையைத்தான் இந்தப் பட்டை செய்யவேண்டும். ஆகவே என் வாக்கு படத்திரைக்கு, ஆனால் பட்டையோடு கூடிய படத்திரைக்கு. கறுப்புத்திரை நண்பர் கேட்கும் விவரமும் எங்கும் போய்விடாது. பிளிமத் திரையிலும் எஸ்கேப் விசையை அழுத்தினால் படம் விலகிச் செய்திகள் தெரியும்.

---

கறுப்புத்திரை

எஸ்கேப் விசை இயங்குவதற்கு விசைப்பலகை டிரைவர் ஏறியிருக்கவேண்டும், கெர்னல் உறைந்துபோகாமலும் இருக்கவேண்டும். உறைந்துவிட்டால் படம்தான் கடைசிச் சாட்சி. இருந்தாலும் பெரியவர்களைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். என் பங்குக்கு ஒன்று: கிரப் பட்டியலில் 'குவைட்', 'ஸ்பிளாஷ்' இல்லாத இரண்டாவது பதிவு ஒன்றைச் சேர்த்து, அதற்குத் 'தொடக்கச் செய்திகளுடன்' என்று பெயரிட்டு வையுங்கள். நிர்வாகி தேவைப்படும்போது அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

---

எழுத்துரு அன்பர்

தமிழில் அறிவிப்பு எழுதுவது பற்றி யாரும் இன்னும் தொடவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன்.

பிளிமத்தில் 'ஸ்கிரிப்ட்' என்ற செருகுநிரலைக் கொண்டு சொந்தமாக ஒரு தோற்றத்தை எழுதிக்கொள்ளலாம். யுஎஸ்ஆர், ஷேர், பிளிமத், தீம்ஸ் என்று அடுத்தடுத்து உள்ளே போனால் வரும் கோப்புறையில் உங்கள் தோற்றத்துக்கு ஒரு கோப்புறை. அதற்குள் தோற்றத்தின் பெயரைச் சொல்லும் சிறிய அமைப்புக் கோப்பு, ஸ்கிரிப்ட் கோப்பு, படங்கள், இவ்வளவே தேவை. எல்லாம் ஆனதும் பிளிமத்-செட்-டிஃபால்ட்-தீம் கட்டளையைப் பெரிய ஆர் (-R) என்ற குறியைச் சேர்த்து இயக்கினால், தோற்றமும் மாறும், தொடக்கக் கோப்புத்தொகுப்பும் புதிதாகக் கட்டப்படும்.

சிக்கல் எழுத்தில் இருக்கிறது. ஸ்கிரிப்டில் தமிழ்ச் சொற்களைத் தட்டச்சு செய்து வைத்தால் பெரும்பாலும் கட்டங்களே தெரியும். கணினி அந்த நிலையில் தொடக்கக் கோப்புத்தொகுப்பில் உள்ளதை மட்டுமே அறியும். அதற்குள் வழக்கமாகச் செல்லும் டெஜாவு எழுத்துருவில் தமிழ் கிடையாது. தமிழ் எழுத்துருவை உள்ளே சேர்த்துவிட்டாலும் வேலை முடியாது. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நினைவகத்தில் ககரம் முதலில், உயிர்க்குறி பின்னால். திரையிலோ அந்தக் குறியின் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் போய் நிற்கவேண்டும், காலோ பின்னால் நிற்கவேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வதற்குப் பாங்கோ போன்ற, எழுத்துகளை உரிய இடத்தில் அடுக்கும் நிரல் நூலகம் வேண்டும். அது இல்லாமல் எழுத்துகளை ஒவ்வொன்றாக வரிசையில் வரையும் இடத்தில் 'கொஞ்சம்' என்பது படிக்க முடியாத வகையில் சிதைந்து வரும்.

ஆகவே குறுக்குவழியே நேர்வழி: அறிவிப்பைப் படமாக வைத்துவிடுங்கள். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை நிரலில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் வாக்கியத்தை எழுதி, பின்னணி ஊடுருவித் தெரியும்படி பிஎன்ஜி கோப்பாக ஏற்றுமதி செய்தால், எழுத்துருவும் வேண்டாம், பாங்கோவும் வேண்டாம். ஒரு கவனம் மட்டும் தேவை. முழுத்திரை அளவுக்கு ஒரே படமாகச் செய்யாதீர்கள். உங்கள் மானிட்டர்கள் வெவ்வேறு அளவில் இருக்கும். 1920-க்கு 1080 என்று வரைந்ததைச் சதுரத்துக்கு நெருங்கிய பழைய மானிட்டரில் நெருக்கினால், ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒரு கறையாகத் தெரியும். பின்னணிக்கு ஒற்றை நிறத்தை ஸ்கிரிப்டிலேயே கொடுத்துவிட்டு, வாக்கியப் படத்தை மட்டும் அதன் அசல் அளவில் நடுவில் நிறுத்துங்கள். திரையின் அகலத்தையும் உயரத்தையும் கேட்டறிய ஸ்கிரிப்டில் வழி உண்டு.

வாக்கியத்தைப் பற்றியும் ஒரு சொல். 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று மட்டும் எழுதினால் யாரும் காத்திருக்கமாட்டார்கள்; அந்தத் தொடரை நாம் எல்லா அலுவலகங்களிலும் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். எவ்வளவு நேரம் ஆகலாம் என்பதையும், அதற்குமேல் ஆனால் என்ன செய்யவேண்டும் என்பதையும் எழுதுங்கள். 'கணினி தொடங்க இரண்டு நிமிடம்வரை ஆகலாம். பவர் பட்டனை அழுத்தவேண்டாம். அதற்குமேல் ஆனால் மேசையில் இருப்பவரிடம் சொல்லுங்கள்' என்பது போல.

வட்டை மறைகுறியாக்கம் செய்து கடவுச்சொல் கேட்கும் கணினி ஏதாவது உங்களிடம் இருந்தால், சொந்தத் தோற்றத்தை அதில் வைப்பதற்கு முன் எச்சரிக்கை தேவை. கடவுச்சொல் பெட்டியை வரையும் பகுதியை நீங்கள் ஸ்கிரிப்டில் எழுதாவிட்டால், கணினி கடவுச்சொல்லுக்காகக் காத்திருக்கும், திரையிலோ உங்கள் அறிவிப்பு மட்டுமே இருக்கும்.

---

மாம்பலம் வாசகசாலை

அனைவருக்கும் மிக்க நன்றி. தரமணி நண்பர் சொன்னபடி ஐ915 வரியைச் சேர்த்ததும், ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியிலும் படம் முன்னதாகவே வந்துவிட்டது. இடையில் ஒரு மின்னல் மட்டும் இருக்கிறது. கிரிட்டிக்கல்-செயினில் பார்த்தபோது இணைய இணைப்புக்காகக் காத்திருக்கும் சேவையே நீண்ட நேரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. வாசகசாலைக் கணினிகளுக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை என்பதால் அதை நிறுத்திவிட்டோம். மாணவரும் பட்டியலைப் படித்துப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டார். தமிழ் அறிவிப்புப் படத்தை வாரக்கடைசியில் செய்ய இருக்கிறோம். மறைகுறியாக்கம் எதிலும் இல்லை.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். அரசின் விலையில்லா மடிக்கணினி ஒன்றை முன்னாள் மாணவி ஒருவர் எங்களுக்குக் கொடுத்திருக்கிறார். அதில் பாஸ் லினக்ஸ் இருக்கிறது. அதற்கும் இதே முறை பொருந்துமா? மேலும், முதலில் வரும் தயாரிப்பாளர் சின்னத்தையே எடுத்துவிட்டு, வாசகசாலையின் சின்னத்தைப் போட முடியுமா? இணையத்தில் அதற்கென்று ஒரு கருவி கிடைக்கிறது.

---

தரமணி நிரலாளர்

பாஸ் லினக்ஸ் சி-டாக் நிறுவனம் இங்கே சென்னையில் உருவாக்கியது. டெபியனை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே முறை பொருந்தும், கோப்புகளின் இடமும் பெரும்பாலும் ஒன்றே. பதிப்பு மிகப் பழையதாக இருந்தால் அதில் சிரமப்படுவதைவிட டெபியனையே நிறுவிவிடுவது நல்லது.

தயாரிப்பாளர் சின்னத்தில் தயவுசெய்து கைவைக்காதீர்கள். அது வட்டில் இல்லை, ஃபர்ம்வேரில் இருக்கிறது. மாற்றுவதற்கு அந்தச் சில்லையே மறுபடி எழுதவேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கணினி அதோடு சரி. நம் ஊர் மழைக்காலத்தில் அந்த ஆபத்தைத் தேடிப்போக வேண்டியதில்லை. வேறொரு காரணமும் உண்டு. மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சென்னை தத்தளித்த அதே 2023 டிசம்பர் முதல் வாரத்தில், பைனார்லி என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 'லோகோஃபெயில்' என்ற பெயரில் ஒரு தொகுதிக் குறைபாடுகளை வெளியிட்டது. யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேரில் சின்னப் படத்தைப் படித்து வரையும் நிரல்களிலேயே ஓட்டைகள் இருந்தன. தீய நோக்கோடு வடிவமைத்த ஒரு படக்கோப்பைச் சின்னத்தின் இடத்தில் வைத்துவிட்டால், இயங்குதளம் கண் விழிப்பதற்கு முன்பே, செக்யூர் பூட் காவலையும் தாண்டி, தாக்குபவரின் நிரல் ஓடிவிடும். சின்னத்தைப் பயனரே மாற்றிக்கொள்ள வசதி தந்த கணினிகளில் இதற்கு வழி இன்னும் எளிது. எங்கிருந்தோ இறக்கிய சின்னக் கருவியைப் பொதுக் கணினிகளில் ஓட்டுவது ஆகாது. ஃபர்ம்வேருக்கு அதிகாரபூர்வப் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்து, யுபிஎஸ் இணைப்போடு அதை மட்டும் செய்யுங்கள்.

சின்னத்தை மறைப்பதுதான் நோக்கம் என்றால், சில பயாஸ் அமைப்புகளில் அதைக் காட்டாமல் விடும் தெரிவு ஒன்று இருக்கும். அது போதும்.

---

எழுத்துரு அன்பர்

படம் செய்வதற்கு முன் இதையும் பார்த்துவிடுங்கள் ஐயா. பிளிமத் கணினியை அணைக்கும்போதும் இதே தோற்றத்தைத்தான் காட்டும். 'கணினி தொடங்க இரண்டு நிமிடம்வரை ஆகலாம்' என்ற வாக்கியம் அணைக்கும்போதும் வந்து நின்றால், அணைத்தவர் மறுபடி குழம்புவார். தற்போது நடப்பது தொடக்கமா, அணைப்பா, புதுப்பிப்பா என்பதை ஸ்கிரிப்டில் 'கெட்மோட்' என்ற அழைப்பால் கேட்டறியலாம். இரண்டு பிஎன்ஜி கோப்புகளைச் செய்துகொள்ளுங்கள். இரண்டாவதில் 'கணினி அணைகிறது. திரை இருண்ட பிறகு சுவர் சுவிட்சை அணைக்கவும்' என்று இருக்கட்டும். ஸ்கிரிப்ட் எழுதும்போது சிக்கினால் அந்தப் பகுதியை இங்கேயே ஒட்டுங்கள், பார்த்துத் தருகிறேன்.